காணி என்னும் சொல்: பின்னமும் பங்கும் நிலமும்

முன்னுரை

உடைமையைக் குறிக்கும் சொற்கள் எம்மொழியிலும் நெடிய வரலாறு உடையன. ஆங்கிலத்தில் எஸ்டேட் என்னும் சொல் இன்று தோட்டத்தையும், வீடு நிலம் முதலியவற்றையும், இறந்தார் விட்டுச் சென்ற உடைமை முழுவதையும் குறித்து வழங்குகின்றது. ஆயின் அதன் மூலமாகிய இலத்தீன் சொல்லுக்கு நிற்றல், நிலை என்பனவே பொருள். ஒருவர் சமுதாயத்தில் நிற்கும் நிலையைக் குறித்த சொல், அந்நிலைக்கு அடிப்படையாகிய உரிமையைக் குறித்துப் பின்னர் உரிமைக்குரிய நிலத்தையே குறிப்பதாயிற்று. ஏக்கர் என்னும் சொல்லோ முற்காலத்தில் பொதுவாக வயலைக் குறித்துப் பின் 43,560 சதுர அடி கொண்ட அளவின் பெயராய்ச் சுருங்கிற்று. உரிமைப் பெயர் நிலப்பெயராதலும், நிலப்பெயர் அளவுப் பெயராதலும் ஆகிய இவ்விரு மாற்றங்களையும் தமிழில் ஒரே சொல்லிற் காணலாம். அதுவே காணி என்னும் சொல்.

இதனை ஆராயுமாறு என்னைத் தூண்டியது வகுப்பறையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியாகும். சில ஆண்டுகளுக்கு முன், தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டொன்றை முதுகலை மாணவர்க்குப் பாடஞ் சொல்லுங்கால், காணி என்பதற்குப் 'பரம்பரையாக வரும் நிலம்' என்று பொருள் கூறி மேலே சென்றேன். திண்டிவனம் பக்கத்து வேளாண் குடும்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, எங்கள் ஊரில் ஒரு காணி என்றால் நூறு குழி. இக்கல்வெட்டோ ஆடும் பெண்டிர் ஒவ்வொருவர்க்கும் நெல்லைத்தான் பங்காகச் சொல்கிறது. அதையே பிறகு காணி என்கிறது. இந்தக் காணி நிலமா, நெல்லா?" என்று வினவினார். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. நான் கூறிய பொருள் அவ்விடத்திற்குப் பொருந்தாது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டேன். அவ்வினாவிற்கு விடைகாணும் முயற்சியே இக்கட்டுரை.

பின்னமும் அளவும்

தமிழர் கணக்கில் காணி என்பது எண்பதில் ஒரு பகுதி. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று; நான்கு முந்திரி கொண்டது ஒரு காணி; நான்கு காணி கொண்டது ஒரு மா; இருபது மா கொண்டது ஒன்று. அரைக்காணி, முக்காணி என்பனவும் இவ்வரிசையில் அடங்கும். திண்ணைப் பள்ளிகளில் இவ்வாய்பாடு மனப்பாடமாக ஓதப்பெற்றது. 'காணி ஆசை கோடி கேடு' என்னும் பழமொழியில் காணி நிலமன்று. எண்பதில் ஒன்றாகிய சிற்றளவும் கோடியாகிய பேரளவும் அங்கே எதிர் நிறுத்தப்படுகின்றன. தெலுங்கிலும் இச்சொல் பின்னப் பெயராய் உண்டு. ஆயின் அங்கு அது அறுபத்து நான்கில் ஒன்று; உரூபாயின் அறுபத்து நான்கில் ஒரு பகுதியாகிய காலணாக் காசு அப்பெயரால் வழங்கிற்று.

நில அளவில் இச்சொல் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. காவிரிப் படுகையில் பன்னிரண்டடிக் கோலால் அளந்த குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. எனவே வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். இதனை எண்பதால் வகுத்தால் அங்குக் காணி 3,600 சதுர அடியாகும். அஃதாவது எட்டுச் செண்டுக்குச் சிறிது மிகுதி. தொண்டை நாட்டிலும், அதனை அடுத்த விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரிப் பகுதிகளிலும் நிலைமை வேறு. இங்குக் குழி இருபத்து நான்கடிக் கோலால் அளக்கப்பெற்று 576 சதுர அடியாகும். நூறு குழி கொண்ட காணி 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். சென்னையில் மனை என்றும் கிரவுண்டு என்றும் வழங்கும் 2,400 சதுர அடி இருபத்து நான்கு சேர்ந்தால் ஒரு காணி.

இக்கணக்கில் ஓர் உண்மை புலப்படும். தொண்டை நாட்டுக் காணி காவிரிப் படுகைக் காணியினும் பதினாறு மடங்கு பெரியது. அது வேலியின் எண்பதில் ஒன்றன்று, ஐந்தில் ஒன்று. பின்னப் பெயரே நிலத்திற்கு ஆயிற்று என்னும் எளிய விளக்கம் தஞ்சைக்குப் பொருந்தும்; திண்டிவனத்திற்குப் பொருந்தாது. விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்விச்சாலை ஒன்று நடைபெற்றது. அதற்கு விடப்பெற்ற நிலம் 45 வேலி என்று கல்வெட்டுக் கூறுகின்றது. ஆகவே இந்நாட்டிலும் அரசாங்க ஏட்டளவு வேலியாகவே இருந்தது. மக்கள் வாய்மொழியில் இன்று நிற்பதோ காணி. இவ்வேறுபாட்டிற்குக் காரணத்தை அளவுகளுள் தேடுவதினும் சொல்லின் வேறு பொருள்களுள் தேடுதலே தக்கது.

சொற்பிறப்பு

காணி என்பதைக் காண் என்னும் வினைப்பகுதியொடு இகர விகுதி சேர்ந்த பெயராகக் கொள்ளல் இயல்பே. மூடுவது மூடி, தாங்குவது தாங்கி என்றாற்போலக் காண்பது அல்லது காணப்படுவது காணி என்க. இன்றும் ஒருவர் தம் நிலத்தைப் பற்றிப் பேசுங்கால், 'நிலத்தை யார் பார்த்துக்கொள்கிறார்?' என்றே கேட்கின்றோம். பார்த்தல் என்பது ஈண்டுக் கண்ணாற் காண்டல் மட்டுமன்று. பேணுதலும் பொறுப்பேற்றலும் ஆம்.

இக்கருத்துக்கு அரண் செய்யும் சொற்கள் சில உள. கோயிற் செயல்களை மேற்பார்ப்போரைச் சோழர் கல்வெட்டுக்கள் கண்காணி என்று குறிக்கும். அதுவே மருவி, பிற்காலத்தில் இலங்கை, மலேயாத் தோட்டங்களில் தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியின் பெயராயிற்று. பெரியோரையும் தெய்வத்தையும் காணச் செல்வோர் கொடுப்பது காணிக்கை. மலையாள நாட்டில் காணம் என்பது நிலவுரிமை வகைகளுள் ஒன்று. மலபார் மாவட்டத்தின் நிலவுரிமையை ஆராய்ந்து 1887-இல் மலபார் மானுவல் என்னும் நூலை வெளியிட்ட வில்லியம் லோகன், காணம் என்பது காண் என்னும் அடியாய்ப் பிறந்தது என்றும், முதற்கண் அது மேற்பார்க்கும் உரிமையைக் குறித்தது என்றும் கொண்டார். எனினும் காணம் பழந்தமிழில் பொன்னையும் குறிக்கும்; காண உரிமையிலும் முன்பணம் கொடுத்தல் உண்டு. ஆகவே பொன் என்னும் பொருளினின்று அது வந்தது என்பாரையும் எளிதில் மறுத்தற்கில்லை.

பின்னமாகிய காணியும் உரிமையாகிய காணியும் ஒரே சொல்லா, ஒலியால் ஒத்த இரு சொற்களா என்பது அடுத்த வினா. ஒலியை மட்டும் நோக்கி இதனை முடிவு செய்தல் அரிது. வழக்கை நோக்குதல் வேண்டும். வழக்கை நோக்குங்கால் இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் ஒன்று தோன்றுகின்றது. அது பங்கு என்னும் கருத்து. பின்னம் என்பது முழுமையில் ஒரு பங்கு. உரிமை என்பதும் ஊரின் வருவாயில் ஒரு பங்கு. கல்வெட்டுக்கள் இதனைத் தெளிவாக்குகின்றன.

கல்வெட்டுக் காட்டும் காணி

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த நீண்ட கல்வெட்டொன்று, தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றது. அவரொடு நட்டுவர், பாடுவார், கருவி இசைப்பார், கணக்கர், தச்சர், தையற்காரர், நாவிதர், வண்ணார் முதலிய பல பணியாளர்க்கும் பங்கு வகுக்கின்றது. பங்கு ஒன்றுக்கு ஒரு வேலி நிலத்தின் வருவாயாக நூறு கலம் நெல் என்பது கணக்கு. இதன்பின் வரும் விதியே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. பங்கு பெற்றவருள் ஒருவர் இறந்தாலோ பிற நாடு சென்றாலோ, அவர்க்கு அடுத்த முறையினர் அக்காணியைப் பெற்று அப்பணியைச் செய்தல் வேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடையாரை அமர்த்திப் பணி செய்வித்தல் வேண்டும்.

இவ்விதியில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, வேலி என்னும் அளவுப் பெயரும் காணி என்னும் சொல்லும் ஒரே கல்வெட்டில் வருகின்றன. எனவே இங்குக் காணி அளவன்று. முன்பு பங்கு எனப்பட்டதே பின்பு காணி எனப்படுகின்றது. இரண்டாவது, இக்காணி பணியொடு பிணைந்தது. பணியை விடுத்துக் காணியை மட்டும் வைத்துக்கொள்ள விதி இடங்கொடுக்கவில்லை. முறைவழி உரிமை உண்டு. ஆயின் அவ்வுரிமையும் தகுதிக்கு உட்பட்டது. மூன்றாவது, காணி பெற்றோர் நிலக்கிழார் மட்டுமல்லர். ஆடும் பெண்டிரும், துணி வெளுப்பாரும், மயிர் களைவாரும் காணி உடையராயிருந்தனர். என் மாணவர் கேட்ட வினாவிற்கு விடை இதுவே. அக்காணி நிலமும் அன்று, நெல்லும் அன்று. செய்யும் பணிக்கு ஈடாக ஊர் வருவாயில் பெறும் நிலைத்த பங்கு.

பிற கல்வெட்டுக்களில் வரும் நட்டுவக்காணி, சாக்கைக்காணி, தச்சக்காணி, தட்டார்காணி, உவச்சக்காணி என்னும் தொடர்களும் இத்தகையனவே. இவற்றுட் பலவிடத்தும் நிலமே விடப்பெற்றது என்பதில் ஐயமில்லை. எனினும் பெயரின் முற்பகுதி தொழிலைக் குறிப்பதனை நோக்குக. நிலம் எங்குள்ளது, எத்துணைப் பெரிது என்பவற்றால் அன்றி, எப்பணிக்காக விடப்பெற்றது என்பதனாலேயே அக்காணி பெயர் பெற்றது.

மற்றொரு புறம், நிலவுரிமையாகிய காணியும் சோழர் காலத்தில் உண்டு. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்களில் நிலத்தின்மேல் வரும் இறை காணிக்கடன் எனப்பட்டது. ஒரே நிலத்தின்மேல் மீயாட்சி என்னும் மேலுரிமையும் காராண்மை என்னும் உழுதுண்ணும் உரிமையும் தனித்தனியே இருந்தன. தேவதானம் விடுங்கால் குடிநீங்காத் தேவதானம் என்றும் குடிநீக்கிய தேவதானம் என்றும் பிரித்தனர். இவையெல்லாம் நிலம் என்பது ஒருவர் கையிலுள்ள ஒரு பொருளன்று, பலர் உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த இடம் என்பதை உணர்த்தும். காணி அவ்வுரிமைகளுள் ஒன்று.

சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமா சோழர் காலத்து ஊர்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். பிரமதேய ஊர்களில் நிலம் தனியார் உடைமையாயிருந்ததையும், வேளாளர் ஊர்களில் அது ஊர்ப் பொதுவாயிருந்த கூறுகளையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். பிற்காலச் சோழர் ஆட்சியில் தனியார் நிலவுடைமை பெருகி, பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் நிலம் சிலர் கையில் குவிந்ததையும் அவர் ஆராய்ச்சி விளக்குகின்றது. விற்கவும் வாங்கவும் கூடிய ஒன்றாகக் காணி மாறியது அக்காலத்திலாகும். பணியொடு கூடிய பங்கு, பணியினின்று விடுபட்டுப் பொருளாதற்குரிய வழி அப்போதே திறந்தது எனலாம்.

காணியாட்சியும் மிராசும்

காணியை ஆளும் உரிமை காணியாட்சி. தொண்டை மண்டலத்தில் ஆதொண்டச் சக்கரவர்த்தி குறும்பரை வென்று காடு திருத்தி, வேளாளரைக் குடியேற்றிக் காணியாட்சி நல்கினான் என்பது வழிவழி வந்த கதை. கொங்கு நாட்டிலும் ஒவ்வொரு குலத்தார்க்கும் உரிய காணியூர்களும், காணியாளர் வழிபடும் கோயில்களும் உண்டு. இசுலாமிய அரசர் ஆட்சிக் காலத்தில் இவ்வுரிமை மிராசு என்னும் பெயர் பெற்றது. அஃது அரபு மொழியில் மரபுரிமையாய் வரும் சொத்தைக் குறிக்கும் சொல்.

1801-இல் கருநாடக நவாபின் நாடு கும்பினியார் கைக்கு மாறிற்று. விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய தென்னார்க்காட்டுப் பகுதி அவர் ஆட்சிக்குள் வந்தது அப்போதே. செங்கற்பட்டுச் சீமை அதற்கு முன்னரே அவர் வசமாயிருந்தது. வரி யார் செலுத்துவது, நிலம் யாருடையது என்னும் வினாக்கள் எழுந்தன. அரசாங்கம் மிராசு உரிமை பற்றிப் பதினேழு வினாக்களை விடுத்தது. அவற்றிற்குச் சென்னைக் கலெக்டராயிருந்த பிரான்சிசு வைட் எல்லிசு எழுதிய விடைகள் 1818-இல் வெளிவந்தன. திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும், தென்னாட்டு மொழிகள் ஓரினம் என்பதை 1816-இலேயே எடுத்துரைத்தவரும் இவரே. தமிழ்ப் புலமை மிக்க இவ்வறிஞர், மிராசு என்பது புதிதாய் வந்த உரிமையன்று, பழைய காணியாட்சியே என்று நிறுவினார்.

எல்லிசு காட்டும் ஊர் அமைப்பில் பங்கு என்னும் கருத்து தெளிவாகக் காணப்படுகின்றது. சில ஊர்களில் நிலம் பசுங்கரை. அஃதாவது காணியாளர் அனைவர்க்கும் பொது. அங்கு ஒருவருக்கு உரியது இன்ன வயல் என்பதன்று, ஊரில் இத்தனை பங்கு என்பதே. குறித்த கால அளவில் நிலத்தை அவர்கள் மாற்றிப் பகிர்ந்துகொண்டனர். சில ஊர்களில் நிலம் அருதிக்கரை. அங்கு ஒவ்வொருவர் பங்கும் நிலையாகப் பிரிக்கப்பட்டது. காணியாளர்க்கு நிலமேயன்றிக் குப்பத்தம், துண்டுவாரம், மேரை, சுதந்திரம் என்னும் வருவாய்களும் உண்டு. ஊரிலேயே குடியிருந்து பிறர் காணியை உழுதார் உள்குடிகள். அயலூரிலிருந்து வந்து உழுதார் புறக்குடிகள்.

எல்லிசின் முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராயிருந்த தாமசு மன்றோ, மிராசு அத்துணை மதிப்புடைய உரிமையாய் நாடெங்கும் இருந்ததோ என்று ஐயுற்றார். ஒருவர்க்குக் காணி என்பது மறுக்கலாகாத பழைய உடைமை. மற்றவர்க்கு அஃது அரசிறைக்கு உட்பட்ட பயிர் செய்யும் உரிமை. ஒரு தமிழ்ச் சொல்லின் பொருளை எவ்வாறு கொள்வது என்பது ஆயிரக்கணக்கான ஊர்களின் வரித்திட்டத்தைத் தொடும் வினாவாயிற்று.

இவ்விருவரும் போதிய அளவு கேளாத வினா ஒன்றுண்டு. காணியில்லாதவர் நிலை யாது? ஏரும் மண்வெட்டியும் ஏந்தி அந்நிலங்களில் உழைத்தவருள் பெருந்தொகையினர் தாழ்த்தப்பட்டோராய் ஒதுக்கப்பட்ட மக்கள். ஊர் வருவாயில் அவர்க்கும் களத்துமேட்டில் சிறு பங்கு உண்டு. ஆயின் அது காணி எனப்படவில்லை. தஞ்சைக் கல்வெட்டில் வண்ணார்க்கும் நாவிதர்க்கும் இருந்த பெயர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் உழுவார்க்கு இல்லை. சொல் பணியினின்று நீங்கியதன் விளைவு இது. மிராசுதார், தாம் பயிரிடாத தரிசு நிலத்திலும் தமக்கே முதலுரிமை என்றனர். தரிசு வேண்டித் தரக்காஸ்து மனுச் செய்த ஏழையர் அதனாற் பின்தள்ளப்பட்டனர். குடியிருக்கும் மனையும் மிராசுதாருடையதாயிருந்தமையால், எதிர்த்துப் பேசுவோரை வீட்டினின்று வெளியேற்றுதலும் எளிதாயிற்று.

செங்கற்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை இந்நிலையை வெளிப்படுத்திற்று. அதன் விளைவாக 1892-இல் அரசாணை பிறந்தது. ஒதுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கவும், அந்நிலம் பிறர் கைக்குச் செல்லாதவாறு தடுக்கவும் அது வகை செய்தது. பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற அந்நிலங்களுட் பல பிறர்பாற் சென்றன. அவற்றை மீட்க நடந்த போராட்டத்தில் 1994-இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து இருவர் உயிரிழந்தனர். குடியிருப்பு மனையை அதில் வாழ்வோர்க்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971-இல் வந்தது. காணி என்னும் சொல்லின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் மனைக்கும் நிலத்திற்கும் உரிமை பெறுவதற்குச் சட்டமும் போராட்டமும் தேவைப்பட்டன.

பட்டாவும் வாய்மொழியும்

இரயத்துவாரி முறை வேரூன்றியபின், நிலம் அளக்கப்பெற்று ஒவ்வொரு வயலும் சர்வே எண் பெற்றது. எண்ணுக்கு உரியவர் பெயரால் பட்டா எழுதப்பெற்றது. ஊரில் இத்தனை பங்கு என்பது போய், இன்ன எண்ணில் இவ்வளவு செண்டு என்றாயிற்று. உரிமைப் பெயராகிய காணியின் இடத்தைப் பட்டா என்னும் சொல் கவர்ந்துகொண்டது. உரிமைப் பொருளை இழந்த காணி, தொண்டை நாட்டிலும் இப்பகுதியிலும் அளவுப் பெயராக எஞ்சிற்று. வேலியில் எண்பதில் ஒன்றாயிராமல் ஐந்தில் ஒன்றாயிருப்பதற்கும் இங்கே ஒரு விளக்கம் கருதலாம். பின்னவாய்பாட்டினின்று அன்றி, காணியாளர் ஒருவர்க்குரிய பங்காய் அமைந்த பரப்பினின்று இவ்வளவு பெயர் பெற்றிருத்தல் கூடும். இஃது என் ஊகமே. நேர்ச்சான்று கிடைக்குங்கால் உறுதிப்படும்.

இன்று விழுப்புரம், திண்டிவனம் வட்டங்களில் ஒரே நிலம் மூன்று மொழியிற் பேசுகின்றது. சிட்டாவில் அது எக்டேர், ஏர். பத்திரத்தில் ஏக்கர், செண்டு. களத்துமேட்டில் காணி, குழி. 53.5 ஏர் என்பதும் 132 செண்டு என்பதும் ஒரு காணி என்பதும் ஒன்றே. விதை நெல்லும் எருவும் நடவுக் கூலியும் இன்றும் பலரால் காணிக் கணக்கிற் பேசப்படுகின்றன. புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியார் பராசக்தியிடம் காணி நிலம் வேண்டிப் பாடினார். அவர் வாழ்ந்த அவ்வூரில் காணி வெறும் கவிதைச் சொல்லன்று. அங்காடியிலும் கழனியிலும் நாள்தோறும் வழங்கிய அளவு. வீடும் கிணறும் தென்னையும் அமையத்தக்க 1.32 ஏக்கர் அது. பேராசையற்ற ஒரு குடும்பத்தின் பங்கு என்னும் பொருள் அச்சொல்லில் இன்னும் ஒலிக்கின்றது.

ஈழத்திலும் மலையிலும்

ஈழத்தமிழர் வழக்கில் காணி என்பது அளவன்று, பொதுவாக நிலமே. காணி உறுதி என்பது அங்கு நிலப் பத்திரம்; அரசாங்கத் துறையின் பெயரும் காணி என்றே வழங்குகின்றது. இதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் நிலத்தைப் பரப்பு என்னும் அளவால் அளப்பர். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அளவுக்கு வேறு பெயர் இருந்தமையால் காணி அவ்வேலையினின்று விடுபட்டு நிலப் பொருளில் நிலைத்தது எனலாம். 1707-இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, உடைமையை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று பகுக்கின்றது. உரிமை வந்த வழிக்கு இவ்வாறு தனித்தனிப் பெயர்கள் அமைந்த இடத்தில், காணி அவ்வுரிமைகள் தங்கும் மண்ணின் பெயராயிற்று.

பொதிகை மலைச் சாரலிலும் குமரி மாவட்டத்து மலைகளிலும் வாழும் பழங்குடியினர் காணிக்காரர் எனப்படுகின்றனர். காணியை உடையார் என்பதே அப்பெயரின் பொருள். எழுதிய பட்டாவின்றித் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்த மக்கள், நிலவுரிமைச் சொல்லையே தம் இனப்பெயராகக் கொண்டுள்ளனர். பத்திரமும் சர்வே எண்ணும் தோன்றுதற்கு முன் இச்சொல் எதனைக் குறித்தது என்பதற்கு இஃதொரு வாழும் சான்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், காணி என்பதன் நடுப்பொருள் பங்கு என்பது பெறப்படும். எண்ணின் பங்காகுங்கால் அது பின்னம். ஊர் வருவாயின் பங்காகுங்கால் பணியுரிமை. ஊர் நிலத்தின் பங்காகுங்கால் காணியாட்சி. அப்பங்கு நிலைத்த பரப்பாய் அளக்கப்படுங்கால் 57,600 சதுர அடி. அளவும் நீங்கியவிடத்து நிலம். காண் என்னும் பகுதியினின்று அது பிறந்ததாயின், கண்டு பேணும் பொறுப்பும் அப்பங்கின் கூறாகவே தொடக்கத்தில் இருந்திருத்தல் வேண்டும்.

எனவே கல்வெட்டுப் படிப்போர் காணி என்று கண்டவிடமெல்லாம் 'பரம்பரை நிலம்' என்று எழுதிவிடுதல் தவறு. அச்சொல் வருமிடத்து மூன்றை நோக்குதல் வேண்டும். முன்னோ பின்னோ எண் நிற்குமாயின் அளவு அல்லது பின்னம். தொழிற்பெயரோ பணியோ சார்ந்து நிற்குமாயின் பணிப்பங்கு. விற்றலும் கொள்ளலும் கூறப்படுமாயின் நிலவுரிமை. இவ்வேறுபாட்டைப் பேணாவிடின், தஞ்சைக் கல்லில் பெயர் பொறிக்கப்பெற்ற நானூறு பெண்டிரையும் அவரொடு பணி செய்த எளியோரையும் காணியுடையார் வரிசையினின்று நாமே நீக்கியவராவோம். நான் வகுப்பில் ஒருமுறை அவ்வாறு நீக்கினேன்.

சொல்லின் வாழ்வும் விரைந்து மாறுகின்றது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் கழனிகள் மனைப்பிரிவுகளாய் மாறி வருகின்றன. விளம்பரப் பலகைகளில் சதுர அடியும் பிளாட்டுமே காணப்படுகின்றன. காணிக் கணக்கில் விதைத்தும் அறுத்தும் வாழ்ந்த முதியோர் இன்னும் ஊர்களில் உளர். அவர்தம் அளவுகளையும், பங்கு பிரித்த முறைகளையும், களத்துமேட்டு உரிமைப் பெயர்களையும் ஊர்தோறும் தொகுத்தல் தமிழ் மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். என்னைத் திருத்திய அம்மாணவர் தம் ஊரில் அப்பணியைத் தொடங்கியுள்ளார்.